முப்பத்துநாலு சதவீதச் சேதாரம்

ஞானம் வேண்டுமென்றால் காட்டுக்குப் போகச் சொல்வார்கள். சிதம்பரதாணுவுக்குக் காடு கட்டுப்படியாகவில்லை. சனிக்கிழமைதோறும் இரண்டு பஸ் மாறிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறைக்குப் போனார்.

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. குரு பேராசிரியை ஹெப்சிபாவுக்கு நாற்பத்துநாலு. சிஷ்யர் குருவை மேடம் என்பார், குரு சிஷ்யரை சார் என்பார். இப்படி மரியாதை கொடுத்து வாங்கியே ஆறு வருஷம் ஓடிவிட்டது.

தாணு ஒரு கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டர். மாணவர்கள் செய்முறை வகுப்புக்கு வரும் முன் அமிலத்தை அளந்து வைப்பார். அவர்கள் போன பிறகு சோதனைக்குழாய் கழுவுகிறவரை மேற்பார்வை பார்ப்பார், அவர் வராத நாளில் தானே கழுவுவார். இருபத்துநாலு வருஷமாக இதுதான். கரும்பலகைக்கு முன் நின்று பாடம் நடத்தும் உரிமை மட்டும் அவருக்குக் கிடையாது. முனைவர் பட்டம் இருந்தால் உண்டு.

ஒரே ஒரு வகுப்பு. ஐம்பது நிமிஷம். கையில் சாக்பீஸ். அதற்காகத்தான் அந்த இரண்டு பஸ்.

என்ன ஆராய்ச்சி என்று யாராவது கேட்டால் தாணு ஒரு அறுகோணம் வரைந்து காட்டுவார். பென்சீன் வளையம். ஆறு மூலை. ஒரு மூலையில் ஏற்கெனவே ஹைட்ராக்சில் என்று ஒருவர் குடியிருந்தால் அதற்கு ஃபீனால் என்று பெயர். இப்போது புதிதாகக் குளோரின் வருகிறது. அது பக்கத்து மூலையிலும் உட்காரும், நேர் எதிர் மூலையிலும் உட்காரும். மருந்து செய்கிறவர்களுக்கு எதிர் மூலைக்காரர்தான் வேண்டும். சும்மா விட்டால் இரண்டும் கலந்து வரும். எதிர் மூலைக்கு மட்டும் போ என்று குளோரினுக்குச் சொல்ல ஓர் ஆள் தேவை.

அந்த ஆள் ஒரு மண். ஹெப்சிபா இருபத்தைந்து வயதில் குளத்துக் களிமண்ணை அமிலத்தில் ஊறவைத்து, சுட்டு, பொடித்து, அதன் முன்னிலையில் ஃபீனாலுக்குக் குளோரின் ஏற்றினார். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது எதிர் மூலை என்று வந்தது. கட்டுரை வெளியானது. கட்டுரை வேலை கொடுத்தது. வேலை மாணவர்களைக் கொடுத்தது. துறையில் அதற்கு 'மேடம் மண்' என்றே பெயர். பதினோரு பேர் அந்த மண்ணைக் கொண்டு பட்டம் வாங்கிப் போயிருந்தார்கள். தாணு அவர்களுக்கு அடுத்தவர்.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. குளோரின் ஏறிய ஃபீனால் ஆஸ்பத்திரி வாடை அடிக்கும். தோலில் ஏறும், துணியில் ஏறும், லேசில் இறங்காது. பஸ்ஸில் தாணுவுக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருக்கும். அவர் மனைவி செண்பகவல்லி, பின்வாசல் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வரவேண்டும் என்று சட்டம் போட்டிருந்தாள். ஹெப்சிபாவின் கைப்பையிலும் அதே வாடை. பேராசிரியர் ஆனபின் அவர் ஆய்வு மேசைக்கு வருவதே அபூர்வம். பிறகு பையில் மட்டும் எப்படி என்று யாரும் யோசித்ததில்லை.

ஆய்வகத்தில் ஒரு மெஷின் இருந்தது. ஜி.சி. என்பார்கள். ஒரு துளியை ஊசியால் ஏற்றினால், அதில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காகிதத்தில் மேடு மேடாக வரைந்து தரும். துறைக்கே அது ஒன்றுதான். கெட்டுப்போனால் வேறு கிடையாது. அதனால் அதன் மேல் ஹெப்சிபா கையால் எழுதி ஒட்டிய தாள் ஒன்று உண்டு: 'கழுவாததை ஏற்றாதே.'

யாரும் ஏற்றியதில்லை. வினை முடிந்ததும் வருவது பழுப்பு எண்ணெய். அதை ஹெக்சேனில் கரைத்து, ஐஸில் வைத்து, வெள்ளைப் படிகம் இறங்கியதும் வடிகட்டி, கழுவி, உலர்த்தி, அப்புறம்தான் மெஷினுக்கு. கோயிலுக்குப் போகிற மாதிரி சுத்தமாகத்தான் போவார்கள்.

படிகத்தைப் பிரித்தபின் கீழே தங்கும் வடிநீரைக் கொட்டக்கூடாது என்பது ஹெப்சிபாவின் இன்னொரு கட்டளை. பட்டம் வாங்கும்வரை பழுப்புப் பாட்டிலில் ஊற்றி, தேதி எழுதி, அலமாரியில் வைக்க வேண்டும். ஏன் என்று கேட்டால் பதில் வராது. தாணுவின் கணக்கில் மட்டும் நூற்றுப்பன்னிரண்டு பாட்டில்கள் இருந்தன. மாணவர்கள் அந்த அலமாரியை மார்ச்சுவரி என்று அழைத்தார்கள். அதிலிருந்து ஒரு சொட்டுகூட யாரும் எடுத்துப் பார்த்ததில்லை.

வைவா என்கிற வாய்மொழித் தேர்விலும் ஹெப்சிபாவுக்கு ஒரு வழக்கம். எல்லாரும் கேட்டு முடித்தபின் கடைசியாக ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"விளைச்சல் அறுபத்தாறு சதவீதம்னு போட்டிருக்கீங்க. மீதி முப்பத்துநாலு எங்க?"

"சேதாரம் மேடம்" என்பார்கள் மாணவர்கள். நகைக்கடைச் சொல். கைக்குக் கை மாறும்போது ஒட்டியது, சிந்தியது எல்லாம் அதில் அடங்கும். பார்வையாளர்கள் சிரிப்பார்கள். ஹெப்சிபா தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார். பதினோரு தடவையும் அப்படித்தான்.

தாணுவுக்குப் பல்கலைக்கழகம் கொடுத்த காலக்கெடு அந்த வருஷம் மே முப்பதோடு முடிந்தது. ஆய்வேடு தட்டச்சாகித் தயாராக இருந்தது. பின்னிணைப்பில் சேர்க்க இன்னும் ஒரே ஒரு சோதனை பாக்கி. அதை முடிக்க மே மாதம் ஒரு சனிக்கிழமை வந்தார்.

ஐஸ் இல்லை.

துறைக்கு ஐஸ் வருவது மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் ஆலையிலிருந்து. அது தடைக்காலம். படகு எதுவும் கடலுக்குப் போகவில்லை, ஆலையை மூடிவிட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் அந்தச் சமயத்தில் தாணு விடைத்தாள் திருத்தும் முகாமில் இருப்பார். அதனால் அவருக்கு இது தெரியவே தெரியாது.

எண்ணெய் எண்ணெயாகவே கிடந்தது. மே மாத வெயிலில் படிகம் எப்படி இறங்கும்? ஒரு மணி நேரம் பார்த்தார். இரண்டு மணி நேரம் பார்த்தார். கடைசி பஸ் ஆறரைக்கு.

ஆறு வருஷத்தில் முதல்முறையாகக் கழுவாததை ஏற்றினார். சாமியிடம் சொல்வது போல மெஷினிடம் ஒரு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

காகிதத்தில் இரண்டு மேடு வந்தது. எதிர் மூலை எழுபது. பக்கத்து மூலை இருபத்தொன்பது.

மண் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்து, புது மண் சுட்டுச் செய்தார். எழுபது, இருபத்தொன்பது.

பிறகு மண்ணே போடாமல் மூன்று தடவை செய்தார். அதைச் செய்ய அவர் கை கூசியது. ஆறு வருஷத்தில் ஒருமுறைகூட அதைச் செய்யத் தோன்றவில்லை. மேடம் மண் வேலை செய்கிறது என்பது அச்சில் வந்த சங்கதி, அதைப் போய் யார் சோதிப்பார்கள்?

எழுபது. இருபத்தொன்பது.

தாணு மார்ச்சுவரியைத் திறந்தார். முதல் வருஷத்துப் பாட்டில் ஒன்றை எடுத்து ஒரு துளி ஏற்றினார். மெஷின் வரைந்த மேடு முக்கால்வாசியும் பக்கத்து மூலைக்காரர். மூன்றாம் வருஷத்துப் பாட்டிலிலும் அவரேதான். போன மாதத்துப் பாட்டிலிலும் அவரேதான்.

மண் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. எதிர் மூலைக்காரர் ஐஸில் படிகமாவார், பக்கத்து மூலைக்காரர் ஆக மாட்டார், அவ்வளவுதான். படிகத்தை மட்டும் அளந்துவிட்டுத் தொண்ணூற்றொன்பது என்று எழுதிவந்திருக்கிறார்கள். படிகமாக்கும் முன் தாணு ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் பிரித்துப் பார்த்தபோதெல்லாம் உச்சியில் ஒரு பொட்டு தெரியும், பக்கத்து மூலைக்காரர்தான் அது. ஆய்வகத்தில் அதற்குப் பெயரே உண்டு, தலை அழுக்கு. 'தலை அழுக்கு, கழுவினால் போய்விடும்' என்று அவரே நூற்றுப்பன்னிரண்டு முறை நோட்டில் எழுதியிருந்தார்.

தாணு ஸ்டூலில் உட்கார்ந்தார். அழுகை வரும் என்று நினைத்தார், வரவில்லை. ஆறு வருஷம், ஆயிரத்துக்கு மேல் பஸ், எல்லாம் ஒரு ஐஸ் கட்டியில் இருந்திருக்கிறது.

திங்கட்கிழமை கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு ஹெப்சிபாவின் அறைக்குப் போனார். காகிதங்களை மேசையில் பரப்பினார்.

ஹெப்சிபா ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவசரப்படவில்லை.

"கழுவாம ஏத்தினீங்களா?"

"ஐஸ் இல்ல மேடம்."

"மண் போடாம?"

"அதுவும் செஞ்சேன். மூணு தடவ."

"மூணுலயும்?"

"ஒண்ணு போலதான் மேடம்."

ஹெப்சிபா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"வேற யாருக்காச்சும் தெரியுமா?"

"இல்ல மேடம். வீட்லகூடச் சொல்லல. எனக்கே இது... நான் எங்கயாச்சும் தப்பாச் செஞ்சிருப்பேன்லா மேடம்?"

"இல்ல சார். நீங்க சுத்தமாச் செஞ்சிருக்கீங்க."

அந்த வார்த்தைக்காக ஆறு வருஷம் காத்திருந்தவர் தாணு. மேடம் யாரையும் லேசில் பாராட்ட மாட்டார். அது இன்றைக்கு வந்து என்ன செய்ய?

"மேடம், நான் இப்ப என்ன செய்யட்டும்?"

ஹெப்சிபா இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். வழிகாட்டியின் சான்றிதழ். 'இந்த ஆய்வு உண்மையானது' என்று தொடங்கும். அதில் கையெழுத்துப் போட்டு அவர் பக்கம் நகர்த்தினார்.

தாணுவுக்குப் புரியவில்லை. "அப்ப இந்தக் காகிதமெல்லாம்?"

"உங்க காகிதம். நீங்களே வெச்சுக்கிடுங்க."

"ஆய்வேட்ட அப்படியே குடுத்திரவா?"

"வைவால நான் ஒரு கேள்வி கேப்பேன் சார். எல்லார்ட்டயும் கேக்குறதுதான்."

அவ்வளவுதான். ஹெப்சிபா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேறு ஏதோ கோப்பை விரித்தார். ஆனால் பக்கம் எதுவும் புரளவில்லை.

தாணு ஆய்வேட்டை அப்படியே கொடுத்தார். தொண்ணூற்றொன்பது என்றே கொடுத்தார். இதை மறைத்துச் சொல்லிப் பயனில்லை. அவர் நல்லவர்தான், ஆனாலும் கொடுத்தார். பஸ்ஸில் திரும்பும்போது தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார்: மேடத்துக்கே சரியென்று படுகிறது, நான் யார்? அந்த நியாயம் வீட்டுப் பின்வாசல் குழாயடி வரைகூடத் தாங்கவில்லை.

பிறகு எட்டு மாதம். ஆய்வேடு எங்கெங்கோ போய், யார் யாரோ படித்து, 'சிறப்பான பணி' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. கல்லூரி முதல்வர் ஒருநாள் வராந்தாவில் நிறுத்தி, வாய்மொழித் தேர்வு முடிந்ததும் முதலாம் ஆண்டுக்குக் கரிம வேதியியல் எடுக்கச் சொன்னார்.

"என்ன பாடம் சார்?" என்றார் தாணு.

"பென்சீன்ல இருந்தே ஆரம்பிங்களேன்."

அன்று தாணு காலி வகுப்பறைக்குப் போய்ப் பலகையில் ஒரு அறுகோணம் வரைந்தார். எதிர் மூலையில் குளோரினைப் போட்டார். பக்கத்து மூலையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கை கழுவப் போனார்.

தேர்வு நாள் வந்தது. செண்பகவல்லி புதுச் சட்டை எடுத்திருந்தாள். அந்தப் பக்கத்து வழக்கப்படி தேர்வுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பட்டம் வாங்கப்போகிறவர்தான் சிற்றுண்டி கொடுக்க வேண்டும். முந்திரிக்கொத்தும் மிக்சரும் அறுபது பொட்டலம் போட்டு, இரண்டு பைகளில் அடுக்கி எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்ததும் மூக்கைச் சுளித்தாள்.

"இது என்னா, புதுச் சட்டையிலயும் அந்த நாத்தம்?"

"பையில இருக்கு."

"என்ன இருக்கு?"

"ஒரு பாட்டில்."

"இன்னைக்கும் எதுக்கு அதத் தூக்கிட்டு வாறீங்க? சனியன, இன்னையோட அது தொலையட்டும்."

பாட்டிலை ஏன் எடுத்தார் என்று தாணுவுக்கே அப்போது சரியாகத் தெரியாது. முதல் வருஷத்துப் பாட்டில் அது. காலையில் பையில் போட்டார், வெளியே எடுத்தார், மறுபடி போட்டார்.

கருத்தரங்க அறை நிறைந்திருந்தது. ஹெப்சிபாவின் பழைய மாணவர்களில் நாலு பேர் வந்திருந்தார்கள், எல்லாரும் இப்போது பேராசிரியர்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் வயதானவர், நல்ல மனிதர். தாணு பேசினார். படம் காட்டினார். தேர்வாளர் நாலைந்து கேள்வி கேட்டார், ஒன்றும் கஷ்டமில்லை.

"இந்த வயசுல இவ்வளவு உழைப்பு. வேலை நேர்த்தியா இருக்கு" என்றார் தேர்வாளர். "எனக்குத் திருப்தி. வழிகாட்டி ஏதாவது கேக்கணுமா?"

பழைய மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தெரியும் அந்தக் கேள்வி. பின்வரிசையில் செண்பகவல்லி பொட்டலப் பையின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

ஹெப்சிபா கைப்பையை மடியில் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்.

"விளைச்சல் அறுபத்தாறு சதவீதம்னு போட்டிருக்கீங்க. மீதி முப்பத்துநாலு எங்க?"

தாணு வாயைத் திறந்தார். ஒரே ஒரு சொல். அறை முழுக்க அதற்காகத்தான் காத்திருந்தது, சிரிப்பதற்குத் தயாராக. அந்தச் சொல்லுக்கு அப்பால் கரும்பலகை இருந்தது.

சொல் வரவில்லை.

அவர் மெல்ல நடந்து போய் நாற்காலியிலிருந்த பையை எடுத்தார். பழுப்புப் பாட்டிலை வெளியே எடுத்துத் தேர்வாளரின் முன்னால் வைத்தார். முதல் வரிசை வரைக்கும் வாடை வந்தது.

"இது என்ன?" என்றார் தேர்வாளர்.

"மீதி சார்."

"புரியல."

"பக்கத்து மூலை, சார். எல்லாம் இதுலதான் இருக்கு. மண் போட்டாலும் இதேதான், போடாட்டாலும் இதேதான். மண் ஒண்ணும் செய்யல. நான்தான் வடிகட்டுனேன்." பைக்குள் கைவிட்டு எட்டு மாதமாக மடித்து வைத்திருந்த காகிதங்களை எடுத்துக் கொடுத்தார். "எனக்கு மே மாசமே தெரியும் சார். தெரிஞ்சேதான் குடுத்தேன்."

தேர்வாளர் காகிதங்களைப் பார்த்தார். நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக. பழைய மாணவர்கள் முகத்தில் சிரிப்பு அணைந்திருந்தது. அதில் ஒருவர் எழுந்து, "மேடம், இவர் என்ன பேசுறார்? நாங்க எல்லாரும்..." என்று ஆரம்பித்தார்.

"உக்காருங்க" என்றார் ஹெப்சிபா.

அவர் கைப்பைக்குள் கையை விட்டார். அதிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துத் தாணுவின் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். சின்னப் பாட்டில். வாயில் மெழுகு ஊற்றி அடைத்திருந்தது. ஒட்டியிருந்த சீட்டு மஞ்சளாகியிருந்தது. அதில் இளவயது ஹெப்சிபாவின் கையெழுத்தில் பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய தேதி.

"இது என்னோட மீதி" என்றார்.

தேர்வாளர் வருத்தத்தோடுதான் எழுதினார், பட்டத்துக்குப் பரிந்துரைக்க இயலாது என்று. காலக்கெடு முடிந்துவிட்டதால் திருத்தி எழுதவும் வழியில்லை. பத்தொன்பது வருஷத்துக் கட்டுரையைப் பற்றி ஹெப்சிபாவே இதழுக்கு எழுதுவதாகச் சொன்னார். அப்படியானால் எங்கள் பட்டம் என்ன ஆகும் என்று ஒருவர் கத்தினார். இன்னொருவர் வராந்தாவில் நின்று, வராத ஏழு பேருக்கும் போன் போட ஆரம்பித்தார்.

கூட்டம் கலைந்தது. பொட்டலத்தை யாரும் வாங்கவில்லை. செண்பகவல்லிக்கு வேதியியல் தெரியாது, ஆனால் நடந்தது புரிந்தது. அவிழ்த்த முடிச்சை மறுபடி கட்டினாள். "கீழ நிக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

அறையில் குருவும் சிஷ்யரும் மட்டும் இருந்தார்கள். மேசை மேல் இரண்டு பாட்டில்கள்.

தாணு சாக்பீஸ் பெட்டியைப் பார்த்தார். திங்கட்கிழமை முதலாம் ஆண்டுக்குச் செய்முறை. நாற்பது செட் சோதனைக்குழாய் எடுத்து வைக்க வேண்டும். ஓய்வு பெற இன்னும் ஏழு வருஷம் இருந்தது. ஏழு வருஷமும் குழாய்தான்.

"உங்க வேலை என்னாகும் மேடம்?"

"போகும்."

"என்னாலதானே?"

ஹெப்சிபா தலையை ஆட்டினார். ஆம் என்றா இல்லை என்றா என்று தெரியவில்லை.

தாணு மெழுகு வைத்த பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தார். மெழுகில் ஒரு கீறல்கூட இல்லை.

"இதத் தொறந்து பாத்ததே இல்லியா மேடம்?"

"இல்ல. எனக்கு வழிகாட்டியா இருந்த சார் கொட்டச் சொன்னாங்க. நாளைக்குப் பாத்துட்டுக் கொட்டுவோம்னு மூடி வெச்சேன். அதுக்குள்ள கட்டுரை வந்திருச்சு."

"அப்ப எப்படித் தெரியும்?"

"வெறும் சேதாரம்னா மூடுன பாட்டில்ல இருந்து வாடை ஏன் வருது சார்? என்ன மெழுகு வெச்சாலும் வந்திச்சு. தெனமும் வந்திச்சு."

தாணுவுக்கு முதல்முறையாக அவர்மேல் கோபம் வந்தது. ஏழு வயது இளையவர், ஆறு வருஷம் மேடம் மேடம் என்று நின்றதெல்லாம் நெஞ்சில் முட்டியது.

"அன்னைக்கு உங்க ரூம்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? கையெழுத்தப் போட்டுக் குடுத்தீங்களே?"

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

"பயம்."

கோபம் வந்த வேகத்திலேயே இறங்கிவிட்டது. எட்டு மாதம் அதே பயத்தோடு குடும்பம் நடத்தியவர்தானே தாணுவும்.

"இந்தப் பாட்டில் எப்பவும் உங்க பையிலயேதான் இருக்குமா மேடம்?"

"வைவா நாள்ல கட்டாயம் இருக்கும். பதினோரு தடவையும் கொண்டு வந்தேன்."

"கேள்வியக் கேப்பீங்க."

"கேப்பேன். யாராச்சும் முதல்ல எடுத்து வெச்சாங்கன்னா நானும் வெச்சிரலாம்னு பையத் தொறந்து வெச்சிருப்பேன். சேதாரம்னு சொல்லிருவாங்க. எல்லாரும் சிரிப்பாங்க. நானும் பைய மூடிருவேன்."

வெளியே பஸ் ஹாரன் கேட்டது. கீழே செண்பகவல்லி நிழலில் நின்று, இரண்டு பைகளையும் காலடியில் வைத்துக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாணு பாட்டிலை மேசையில் வைத்தார்.

"நானும் இன்னைக்குச் சேதாரம்னு சொல்லியிருந்தா மேடம்?"

ஹெப்சிபா கைப்பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார். பை லேசாக இருந்ததால் அது தோளில் சரியாக நிற்கவில்லை, மறுபடி ஏற்றி மாட்டினார்.

"பன்னெண்டு ஆயிருக்கும் சார்."